தொட்டி நிற்கும், செடி நகரும்

பூந்தொட்டி வரைய உட்காருபவரின் கண் முதலில் பூவுக்குத்தான் போகும். கவனம் முழுவதையும் அதிலேயே கொட்டிவிடுவார். படத்தை முடித்துச் சுவரில் சாய்த்துப் பார்த்தால் பூ நன்றாகவே வந்திருக்கும். தொட்டி மட்டும் ஒரு பக்கம் சரிந்திருக்கும், செடி மண்ணில் ஊன்றாமல் மேலே செருகினாற்போல் நிற்கும், இலைகள் எல்லாம் ஒரே பச்சை. ஓவியம் பழகுகிற பிள்ளைகளின் ஸ்டில் லைஃப் தாள்களைப் புரட்டினால் இந்த மூன்று பிசகும் ஒன்றுவிடாமல் கிடைக்கும்.

தொட்டிச்செடியில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, குயவர் சக்கரத்தில் பிறந்த, வட்டம் பிசகாத, அசையாத பாண்டம். இன்னொன்று, வெளிச்சத்தைத் தேடித் திரும்பிக்கொண்டே இருக்கும் உயிர். ஆப்பிளையும் கூஜாவையும் வைத்து வரைபவருக்கு இரண்டாவது தொல்லை கிடையாது. தோப்பை வரைபவருக்கு முதலாவது கிடையாது. ஒரு மரம் கொஞ்சம் சாய்ந்துபோனால் யார் கேட்கப் போகிறார்கள்? தொட்டிச்செடிக்காரருக்கு இரண்டும் உண்டு. அதனால் எதை முதலில் வரைவது, எதைக் கடைசிக்கு விடுவது என்பதுதான் இந்த வேலையில் பாதி வித்தை. டீ வரும்வரை வெளிச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

ஐரோப்பிய ஓவியப் புத்தகம் எதைத் திறந்தாலும் வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பாரிசிலும் லண்டனிலும் நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கு வானத்தில்தான். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழுவது அபூர்வம். வெளிச்சம் மணிக்கணக்காகச் சீராக இருக்கும். அதை நம்பிப் புதுச்சேரியில் வடக்கு ஜன்னலைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 12 பாகை வடக்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஏப்ரல் 21 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் வடக்கே போய்விடும். திரும்பவும் ஆகஸ்ட் 21 வாக்கில்தான் தலைக்கு மேலாகத் தெற்கே இறங்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் வெயில் வடக்கு ஜன்னல் வழியாகவும் உள்ளே எட்டிப்பார்க்கும், அதிலும் காலையிலும் மாலையிலும் தாராளமாக.

ஏப்ரல் 21 அன்று பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மொட்டை மாடியில் ஒரு தொட்டியை வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு வாய் அகலம், அடி குறுகல் அல்லவா? விளிம்பின் நிழல் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு வளையமாகத் தரையில் விழும். எந்தப் பக்கமும் நீளாது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், வரைய உதவாது. ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழுந்தால்தான் உருண்டையான பொருள் தாளில் உருண்டையாகத் தெரியும். அதற்கு இந்த ஊரில் தோதான நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை. கடல் கிழக்கே இருப்பதால் தடுக்க மலையில்லை, காடில்லை. வெளிச்சம் தாழ்வாகவும் பக்கவாட்டிலும் நேராக வந்து விழுகிறது.

ஆனால் அதுவும் நிற்காது. மணிக்கு 15 பாகை வீதம் வானம் நகர்கிறது. ஒன்பது மணிக்கு நிழல் ஏழு மணி நிழலாக இருக்காது. நீளமும் குறைந்திருக்கும், திசையும் மாறியிருக்கும். ஆகவே பழகியவர்கள் உட்கார்ந்ததும் செய்யும் முதல் காரியம், தரையில் விழுந்திருக்கும் நிழலின் ஓரத்தைத் தாளில் ஒரே கோடாகப் பிடித்துவிடுவது. அப்புறம் நிழல் எங்கே போனாலும் போகட்டும், அந்தக் கோட்டை மாற்றமாட்டார்கள். மறுநாள் அதே மணிக்கு வந்து உட்காருவார்கள். பாதி நிழல் ஏழு மணிக்கும் பாதி நிழல் பதினொரு மணிக்கும் வரைந்த படத்தில் என்ன கோளாறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

டீ வந்துவிட்டது. உடனே குடித்துவிடாதீர்கள். கிளாஸைக் கண்மட்டத்துக்கு நேராகத் தூக்குங்கள். விளிம்பு ஒரு கோடாகத் தெரிகிறதா? இப்போது மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு திறந்து நீள்வட்டமாகிறது. உள்ளே டீயின் மேற்பரப்பைப் பாருங்கள்: விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருப்பதால் அது இன்னும் கொஞ்சம் உருண்டையாக இருக்கும். கிளாஸின் அடிவட்டம், அளவில் சிறியதானாலும், எல்லாவற்றையும்விட உருண்டை. கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வட்டம் திறக்கும். தொட்டிக்கும் இதே கணக்குதான். விளிம்பை நீள்வட்டமாக வரைந்துவிட்டு அடியில் நேர்கோடு இழுப்பது எல்லோரும் செய்கிற தப்பு. தரையில் உட்காரவேண்டிய தொட்டி அந்த ஒரு கோட்டால் அந்தரத்தில் நின்றுவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் எப்போதும் வளைந்தே திரும்பும், கூராகாது. அவசரத்தில் வரைந்தால் மாங்கொட்டையாகிவிடும். தொட்டியின் விளிம்பு கனமானது என்பதால் அங்கே வெளிவட்டம், உள்வட்டம், உதட்டின் கீழ்வளைவு என்று மூன்று வளைவுகள் இருக்கின்றன. செடி மறைக்கிற பின்பக்க விளிம்பையும் இலையை ஊடுருவிப் பார்ப்பதாகப் பாவித்து முழுதாக வரைந்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். தண்டு மண்ணில் எந்த இடத்தில் இறங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். செடி செருகினாற்போல் நிற்பதற்குக் காரணம் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பகுதியில் செடி வரைவது புதிதல்ல; தொட்டியோடு வரைவதுதான் பிற்பாடு வந்தது. பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் இருந்தார். கிழக்கிந்தியாவுக்கும் சீனாவுக்கும் போன பயணம் பற்றி அவர் எழுதிய நூல் 1782-இல் பாரிசில் வெளியானது. அதில் செடிகொடி, பறவை, நம் மக்கள், நம் தெய்வங்கள் எல்லாம் படங்களாக இருக்கின்றன. நம் சாம்பல் காட்டுக்கோழியின் விஞ்ஞானப் பெயரில் இருப்பவரும் அவரே. 1826-இல் இங்கே தாவரவியல் பூங்கா வந்தது. பக்கத்தில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் ஆண்டுக்கணக்கில் செடிகளை வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட பெருந்தொகுப்பில் இருக்கும் படத்தகடுகள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார் வைட். வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பெயர்வைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஓர் இந்திய ஓவியருக்குக் கிடைத்த மரியாதை அது. பின்னாளில் தாவரவியலார் அந்தப் பெயரை வேறொரு பேரினத்துக்குள் அடக்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

அந்தப் படங்களில் செடி வெள்ளைத் தாளில் தனியாக இருக்கும். நிழல் கிடையாது, மணி கிடையாது, மண் கிடையாது. வேரிலிருந்து விதைவரை எல்லாவற்றையும் காட்டி அது என்ன செடி என்று சொல்வதே வேலை. ஸ்டில் லைஃப் வரைபவருக்கு இந்தச் செடி, இந்தத் தொட்டியில், இந்தச் சுவரோரம், இந்தக் காலையில் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. நல்ல தொட்டிச்செடி ஓவியருக்கு ரங்கையாவின் கண்ணும் கொஞ்சம் வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தொட்டிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. மேற்கே வில்லியனூர் இருக்கிறது. அந்த ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு; அவ்வூர்க் கலைஞர் வி.கே.முனுசாமி 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். வரைவதற்குப் புதுத் தொட்டியை வாங்காதீர்கள். புதுத் தொட்டி ஒரே ஆரஞ்சு நிறம், அதில் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு மழை பார்த்த தொட்டியை எடுங்கள். ஊற்றிய தண்ணீர் சுவர் வழியாகக் கசிந்து வெளியே ஆவியாகும்போது அதிலிருந்த உப்பு தங்கிவிடும். தொட்டியின் வயிற்றில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அடியில் ஈரம் ஏறிய இடம் கருஞ்சிவப்பு. வெயில் படாத பக்கம் பாசி. வரைபவருக்கு இந்தக் கறைகள்தான் உதவி: தொட்டியின் வளைவோடு சேர்ந்து அவையும் வளைவதால், நிழலே போடாமலும் உருண்டை கொஞ்சம் தெரிந்துவிடும். யெல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் இருந்தால் அடிநிறம் முடிந்தது. உப்புப் பூத்த இடத்தில் வெள்ளையை அப்பக்கூடாது. வாட்டர் கலர் என்றால் அடிநிறம் முக்கால் ஈரத்தில் இருக்கும்போது பிழிந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுத்தால் போதும்.

பளபளப்பான பீங்கான் தொட்டி வேறு ரகம். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் இங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியால் மெருகு பூசிய கல்பாண்டங்களுக்கு இந்த ஊர் பேர்போனது. அந்த மாதிரித் தொட்டியில் விழும் மினுக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தால் அது வெறும் வெள்ளைப் புள்ளியாக இருக்காது. எதிரே இருக்கும் ஜன்னலின் குட்டிப் படமாக இருக்கும். கம்பிகூடத் தெரியும். நிறம் வானத்தின் நிறம். சுடுமண்ணில் இது கிடையவே கிடையாது, அது வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். எனக்குச் சுடுமண்தான் பிடிக்கும். பீங்கான் தொட்டி செடியோடு போட்டிபோடுகிறது.

இப்போது ரங்கையாவின் கண். துளசியைப் பாருங்கள்: இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடி இடம்வலமாக இருந்தால் அடுத்த ஜோடி முன்பின்னாக இருக்கும். அதாவது ஒரு கணுவில் இலையின் முழு அகலமும் தெரியும். அடுத்த கணுவில் ஓர் இலை நம் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு குறுகித் தெரியும், இன்னொன்று தண்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இது தெரியாதவர் எல்லா இலையையும் இடம்வலமாக வரைந்து துளசியைச் சீப்பாக்கிவிடுவார். செம்பருத்தியில் கணுவுக்கு ஓர் இலைதான், மாறி மாறி வரும். குரோட்டன்ஸ் தண்டைச் சுற்றிச் சுழன்று ஏறும். காகிதப்பூவில் நாம் பூ என்று சொல்லும் ரோஜா நிறத் தாள் உண்மையில் இலை வகை. மூன்று தாளுக்கு நடுவே குழாயாக இருக்கும் சின்ன வெள்ளைப் பூதான் நிஜப்பூ. அந்தத் தாளில் இலைக்குரிய நரம்பு ஓடும், வெயில் ஊடுருவும். ரோஜா நிறத்தைக் கெட்டியாகப் பூசினால் செத்துப்போகும். நீர்த்த வண்ணத்தில் இரண்டு மூன்று வாஷாக ஏற்ற வேண்டும்.

இலையை எண்ணிக்கொண்டு வரையவும் கூடாது. இலைகளுக்கு நடுவே சுவர் தெரியும் ஓட்டைகளை வரைய வேண்டும். இலை என்றதும் நம் மனம் தனக்குத் தெரிந்த இலை வடிவத்தைக் கையில் திணித்துவிடும். ஓட்டைக்கு அப்படித் தெரிந்த வடிவம் எதுவும் கிடையாது. கண் உள்ளதை உள்ளபடி பார்த்தே தீரவேண்டும். நான்கைந்து பெரிய ஓட்டைகளைச் சரியாகப் பிடித்துவிட்டால் செடி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பச்சைதான் எல்லோரையும் கவிழ்க்கிறது. ட்யூபில் வரும் பச்சையை அப்படியே எடுத்துப் பூசினால் பிளாஸ்டிக் செடிதான் கிடைக்கும். ஒரே இலையில் குறைந்தது நான்கு பச்சை இருக்கிறது. மெழுகுபோன்ற மேல்பரப்பில் வானம் பிரதிபலிக்கும் இடம் நீலச் சாம்பல். அதில் பச்சையே இருக்காது. வெயில் நேரே படும் இடம் வெளிர்ந்த பச்சை. இலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஊடுருவி வரும் இடம் மஞ்சள் எரியும் பச்சை. படத்தில் உயிர் தருவது இதுதான், இதற்குச் சுத்தமான மஞ்சள் வேண்டும். நிழல்பட்ட அடிப்பக்கம் மங்கலான ஆலிவ். பிரஷ்யன் புளூவையும் மஞ்சளையும் கலந்து, கடைசியில் பர்ன்ட் சியன்னாவை ஒரு துளி தொட்டால் பச்சை அடங்கி நிற்கும். அந்தச் சிவப்புத் துளி தொட்டிக்கும் செடிக்கும் உறவும் ஏற்படுத்திவிடும்.

மஞ்சளை வாங்கும்போது வெளிச்சத்தில் வெளுக்காததாகப் பார்த்து வாங்குங்கள். பழைய டச்சு மலர் ஓவியங்கள் சிலவற்றில் இலைகள் நீலமாக இருக்கும். வேண்டுமென்று நீலம் பூசியதாக நினைக்க வேண்டாம்; நீலத்தின்மேல் ஏற்றிய மஞ்சள் சாயம் காலப்போக்கில் வெளுத்துவிட்டது, நீலம் மட்டும் மிச்சம்.

பின்னணிக்குப் புதுச்சேரியில் பஞ்சமில்லை. பிரெஞ்சுப் பகுதியில் மஞ்சள் சுவரும் வெள்ளை ஓரமும். எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள், புகைப்படம் எடுப்பவர்களும் சேர்த்து. ஆனால் அந்த மஞ்சள் சும்மா இருக்காது: தொட்டியின் நிழல்பக்கத்தில் ஏறி அதையும் ஆரஞ்சாக்கும், இலையின் மஞ்சள் பச்சையை விழுங்கிவிடும். பக்கத்திலேயே அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களின் சாம்பல் சுவர் இருக்கிறதே, செடிக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி கிடையாது. சாம்பலுக்கு முன்னால் எந்தப் பச்சையும் பேசும். தமிழ்ப் பகுதி வீட்டு முற்றமும் நல்ல இடம்தான். மேலேயிருந்து மட்டும் வெளிச்சம் இறங்குவதால் நிழல் சிறியதாக, மென்மையாக இருக்கும்.

ஆசிரமம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அன்னை என்று எல்லோரும் அழைக்கும் மீரா அல்ஃபாஸா பாரிசில் அகாதமி ஜூலியனில் முறையாக ஓவியம் படித்தவர். 1897-இல் அவர் மணந்த ஆன்றி மொரிசே, குஸ்தாவ் மொரோவின் மாணவர். அதே மொரோவிடம் படித்தவர்தான் மத்தீஸ். ஜெரேனியம் தொட்டிகளைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். 1920-இல் புதுச்சேரியில் நிலைகொண்ட அன்னை ஏறத்தாழ 900 பூக்களுக்குத் தனித்தனியாகப் பொருள் சூட்டினார். துளசிக்குப் பக்தி, காகிதப்பூவுக்குப் பாதுகாப்பு. நல்ல விஷயம்தான். ஆனால் பிரஷ்ஷைக் கையில் எடுத்த பிறகு அந்தப் பெயரை மறந்துவிடுவது நல்லது. பக்தியை வரையப் புறப்பட்டவர் இலைக்கணுவைக் கோட்டைவிட்டுவிடுவார்.

இனி நகரும் செடி. வெட்டிய பூ வாடும். அதனால் பழைய டச்சு ஓவியர்கள் பருவத்துக்கு ஒரு பூவாக வரைந்து ஒரே சாடியில் சேர்த்தார்கள். யான் வான் ஹாய்சம் ஒரு மஞ்சள் ரோஜாவுக்காக அடுத்த வசந்தம்வரை படத்தை முடிக்காமல் வைத்திருந்தார். செசான் மெதுவாக வரைபவர், காகிதப் பூக்களை வைத்தே சமாளித்தார் என்று அவருடைய வியாபாரி வொல்லார் எழுதியிருக்கிறார். தொட்டிச்செடி வாடாது, வளரும். அது வேறு வகைத் தலைவலி. வளர்நுனியில் நிழல் விழும் பக்கத்துச் செல்கள் அதிகமாக நீளும், அதனால் தண்டு வெளிச்சத்தின் பக்கம் வளையும். ஜன்னலோரம் ஒரு வாரம் வைத்த செடி முதல் நாள் கோட்டுக்கு அடங்காது.

இதற்குச் சில கைமுறைகள் உண்டு. தொட்டியிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டால், தண்ணீர் ஊற்ற எடுத்தாலும் அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். வரைந்து முடித்ததும் செடியை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டு மறுநாள் காலை பழைய கோட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரே பக்கமாகச் சாய்வது குறையும். தண்ணீரை ஒரே நேரத்தில் ஊற்றுங்கள். காசித்தும்பை போன்ற மெல்லிய செடி தாகத்தில் தலை தொங்கிவிடும். தண்ணீர் கண்டதும் நிமிரும். இரண்டு நிலையையும் கலந்து வரைந்தால் குழப்பம்தான். இவ்வளவும் வேண்டாம் என்றால் சோற்றுக் கற்றாழையை வையுங்கள். அது யாருக்காகவும் அவசரப்படாது.

அல்லது ஓவியர் லூசியன் பிராய்ட் வழி. இரண்டு செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு 1977-இல் தொடங்கி 1980-இல் முடித்தார். படம் லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. அத்தனை காலத்தில் இலை உதிர்ந்திருக்கும், புதிதாகத் துளிர்த்திருக்கும். அவர் செடியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கவில்லை. காய்ந்த இலை, துளிர், முற்றிய இலை எல்லாம் அந்தப் படத்தில் ஒன்றாகவே இருக்கின்றன, ஒவ்வோர் இலைக்கும் தனி முகம். மூன்றாண்டுச் செடி ஒரே சட்டத்துக்குள். நமக்கு அந்தப் பொறுமை வராது. ஆனாலும் புதுத்துளிர் வந்துவிட்டதே என்று பதறுகிறவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டலாம்.

கடைசியாகத் தாள். 1959-இல் தொடங்கிய ஆசிரமத்தின் கைத்தாள் ஆலையில் பருத்திக் கழிவிலிருந்து தாள் செய்கிறார்கள். கைத்தாள் எல்லாமே வாட்டர் கலருக்கு ஒத்துவராது. பசையேற்றம் குறைந்த தாளில் வண்ணம் ஊறி மங்கிவிடும். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், துளி குமிழாக நின்றால் வாங்கலாம். கத்திரி வெயிலில் வாஷ் நொடியில் காய்ந்து ஓரக்கோடு விழும், தாளை முதலில் நனைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் காயவே காயாது. அந்த மாதங்களில் நிழலையும் பாசியையும் ஈரத்தின்மேல் ஈரமாகப் போடுவதுதான் லாபம். சட்டம் போடும்போது தாள் கண்ணாடியைத் தொடாமல் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கடற்காற்றின் ஈரம் கண்ணாடிக்கு உள்ளே வேர்த்தால் தொட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கும். மாட்டுவதும் உள்சுவரில்தான், மழை அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம்.